நாலாவது நிறம்

"அவன் நகத்தைப் பாருங்க. போன தடவை நீலம், இன்னைக்குப் பச்சை!" கல்லாவில் இருந்த மனைவி கிசுகிசுத்தாள். பெயிண்ட் கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பத்து நாளில் நாலு முறை வந்துபோன இளைஞன், இதோ மறுபடியும் வாசலில் நிற்கிறான். சிவப்பு, சாம்பல், நீலம், கரும்பச்சை என்று ஒவ்வொரு முறையும் ஒரு கார் பெயிண்ட், அதுவும் நூறு மில்லிதான் வாங்கியிருந்தான். கூடவே பெயிண்டைக் கரைக்கத் தின்னரும், தேய்த்து வழவழப்பாக்க இருப்பதிலேயே நைஸான வாட்டர் பேப்பரும்.

இரண்டு வாரம் முன்பு, பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிளில் போன ஒரு பெண்ணை எவனோ காரால் இடித்துவிட்டு ஓடிவிட்டான். என்ன கார், என்ன நிறம், எதுவும் தெரியவில்லை. அன்றிலிருந்து கடைக்காரர் மனைவிக்குப் பார்க்கிற ஆளெல்லாம் அவனாகவே தெரிந்தார்கள்.

"இடிச்ச வண்டிக்குக் கலர் மாத்தறான்ங்க. போலீசுக்குச் சொல்லிடலாமா?"

"உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" கடைக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவர் எப்போதுமே அப்படித்தான். பெயிண்ட் அடிப்பதைத் தவிர அவருக்கு வேறு உலகமே கிடையாது. 'அழுக்குத் தெரியும், வேண்டாம்' என்று இவள் தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், வாசலில் நிற்கும் சொந்தக் காருக்கே புதிதாக வெள்ளை அடித்து வைத்திருந்தார்.

அவளே கேட்டுவிட்டாள். "ஏன் தம்பி, வண்டியில எங்க அடி? இத்தனை கலர் எதுக்கு?"

"வண்டியே இதுதான்க்கா." பையிலிருந்து உள்ளங்கை அளவு கார் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். கரும்பச்சை. ஒரு தூசி இல்லை, ஒரு சொரசொரப்பு இல்லை. மேலே எரிந்த விளக்கு அதில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "ஒரு பொம்மைக்கா இந்தப் பாடு?"

"மாடல் செய்யறதுதான் என் தொழில். பாலத்துக்கிட்ட அடிபட்டது எங்க அக்கா. இன்னும் பேச்சு வரல. கலர் அட்டையைக் காட்டினா முழிக்கிறா. கார் மேல பார்த்தாத்தான் ஞாபகம் வரும்னு தோணுச்சு. மெல்லிசா ஸ்பிரே அடிச்சு, காய வெச்சு, தேய்ச்சு, மறுபடி அடிச்சு... நிஜக் கார் மாதிரி மின்னற வரைக்கும் விடல."

அவன் காரை அவள் பக்கம் நகர்த்தினான். "மத்த மூணையும் பார்த்துட்டு சும்மா இருந்தா. இன்னைக்குக் காலையில இதைப் பார்த்ததும் என் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு அழுதாக்கா. இந்தக் கலர்ல கார் வெச்சிருக்கறவங்க யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

அவள் அந்தக் குட்டிக் காரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

உள்ளே தின்னர் டப்பா ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"என்னங்க... நம்ம பச்சைக் காருக்கு எதுக்கு வெள்ளை அடிச்சீங்க?"