நொச்சிக்கு மசியாத மூக்கு

“போர்வைய எடுத்துக்கினு வந்து ஒக்காரு லீலா. தண்ணி கொதிச்சிடுச்சி.”

“வுடுண்ணா. தானா பூடும்.”

“எப்பப் பூடும்? ஆடியிலேர்ந்து மூக்காலயே பேசிக்கினு கீற. டாக்டராண்ட போனா, சத வளந்துகீது, அறுக்கணும்னுவான். அவனுக்கு இன்னா, அறுக்க ஒரு மூக்கு கெடச்சா சரி.”

பரசுராமன் லேசில் யாரையும் நம்பமாட்டார். டாக்டரை நம்பமாட்டார். பஸ்ஸில் போட்டிருக்கும் போர்டை நம்பமாட்டார், கண்டக்டரிடம் இரண்டு தரம் கேட்டுத்தான் ஏறுவார். லீலாவின் ஊருக்கு வந்து, நிலத்தைக் கொடு, வீட்டுக்கு ஒரு வேலை தருகிறோம் என்ற கம்பெனிக்காரனை அப்போதே நம்பவில்லை. தொண்ணூறில் வேலி போட்டார்கள். தொண்ணூற்றொன்று முக்கால்வாசி ஓடியும் ஊரில் பாதிப் பேருக்கு வேலை வரவில்லை.

நொச்சி இலையை மட்டும் நம்புவார். தங்கைக்கு மூக்கடைப்பு என்றதும் ஒரு கட்டு நொச்சியோடு வாலாஜாபாத்தில் கிளம்பி, சுங்குவார்சத்திரத்தில் பஸ் மாறி, பிள்ளைப்பாக்கம் வந்துவிட்டார்.

வாசலில் சைக்கிள் சத்தம். லீலாவின் புருஷன் பலராமன் ஷிப்ட் முடிந்து வந்தான். வழியிலேயே ஏதோ பம்புசெட்டில் குளித்திருக்கிறான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“வா மச்சான், எப்ப வந்த?”

கிட்டே வந்ததும் பரசுராமன் மூக்கைச் சுளித்தார். அவன் தோளைப் பிடித்துக் கிணற்றடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“மாப்ள, தகர டப்பா செய்யற கம்பெனின்னுதான சொன்ன? டப்பாவுல இந்த நாத்தம் எப்பிடி வருது?”

பலராமன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“எலும்பு அரைக்கிற மில்லா?”

“மெதுவா பேசு மச்சான். டப்பா கம்பெனில எடுக்கல. நெலமும் பூட்ச்சி. வேற எவன் வேல குடுத்தான்? எத்தினி சோப்பு போட்டாலும் இந்தச் சனியன் வுட மாட்டேங்குது. ஏதோ அவளுக்கு மூக்கு அடைச்சிக்கினு கீறதால என் பொழப்பு ஓடுது.”

அவன் ஏன் நடுங்குகிறான் என்று பரசுராமனுக்குத் தெரியும். எலும்பு மில்லுக்கு ஆள் பிடிக்க ஒருவன் தெருவில் வந்தபோது லீலா அவனை விரட்டினாள். அன்றைக்கு அவரும் அங்கே இருந்தார். “செத்த மாட்டு எலும்பத் தொட்ட கை என் வூட்டுச் சோத்தத் தொடக் கூடாது. தொட்டா நான் எங்கண்ணன் வூட்டுக்குப் பூடுவேன்” என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

“சொல்லிடாத மச்சான். உன் கால்ல வேணா வுழறேன்.”

“நான் ஏன் சொல்றேன்? மூக்கு தெறந்தா அதுவே சொல்லும். அவ பொட்டிய தூக்கினா என் வூட்ல சோறு கீது. பொய்ய வெச்சிக்கினு குடும்பம் நடத்த முடியாது மாப்ள.”

பானையை இறக்கி, நொச்சியைப் போட்டு, மஞ்சள் தூளைத் தூவி, லீலாவைப் போர்வையால் மூடினார். அடுப்பில் சிவக்கக் காய்ந்த செங்கல் துண்டை இடுக்கியால் எடுத்துப் பானைக்குள் விட்டார். புஸ்ஸென்று ஆவி சீறியது.

“மூக்கால இழு. வாயால வுடு. ஏமாத்தாத.”

பலராமன் துணிக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். போர்வை அசைந்தபோதெல்லாம் அவனுக்கு முகம் வெளுத்தது.

லீலா வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

“எப்பிடி கீது?”

“அப்பிடியேதான் கீதுண்ணா.” அதே மூக்குப் பேச்சு.

பரசுராமனுக்கு ரோஷம் வந்தது. விரலி மஞ்சளை விளக்கில் சுட்டுப் புகையை அவள் மூக்கடியில் காட்டினார். அந்தப் புகைக்கு எருமைகூடத் தும்மும். லீலாவுக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தும்மல் வரவில்லை.

ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து கொடுத்தார். மோந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“இன்னாத்தால செஞ்ச மூக்குடி இது?”

பலராமனுக்கு உயிர் வந்தது. “இன்னா மச்சான், நொச்சி பெயிலா?”

“எல நல்ல எலதான்யா” என்று முறைத்தார் பரசுராமன்.

லீலா சோறு போட்டாள். பலராமன் சுவரோரம் ஒதுங்கி உட்கார்ந்தான்.

“அங்க இன்னா பண்ற? இப்பிடி வா.” அவன் தட்டைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக் குழம்பை ஊற்றினாள். அவள் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவன் தைரியமாகப் பிசைய ஆரம்பித்தான்.

பரசுராமனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. நாற்பது வருடமாக நொச்சி ஒருவரையும் கைவிட்டதில்லை.

சாயங்காலம் அவரை வழியனுப்ப லீலா தெருமுனை வரைக்கும் வந்தாள்.

“அண்ணா, பையில கருவாடு வெச்சிக்கினு கீறியே, இன்னிக்கு கிருத்திக. அண்ணி விரதம். உள்ள எடுத்துக்கினு போவாத, வாங்கிக் கட்டிக்குவ.”

“அட, மறந்தே பூட்டேன்” என்றவர், அப்படியே நின்றுவிட்டார்.

சுங்குவார்சத்திரத்தில் பஸ் மாறும்போது வாங்கி, நாலு தாள் சுற்றிப் பையின் அடியில் வைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. பையை யாரும் தொடவும் இல்லை. இப்போது இவள் பேச்சில் அடைப்பும் இல்லை.

“லீலா... உனுக்கு மூக்கு...”

“அன்னிக்கு தெருவுல நாந்தான் வாய வுட்டுட்டேன்” என்றாள் லீலா. “அடுத்த தபா நொச்சி எடுத்துக்கினு வராதண்ணா. எனக்கு மூக்கு அடைச்சிக்கினு கீதுன்னு நம்பித்தான் அந்த மனுசன் என் பக்கத்துல ஒக்காந்து ஒரு வாய் சோறு துன்னுது.”