டிஜே மாங்காவின் முகம்

“புடிங்க அவன! விடாதீங்க!”

என்று கத்திக்கொண்டே செல்போனும் கையுமாக வெண்மதி மேடையில் ஏறியதுதான் தாமதம். டிஜே மாங்கா பாட்டை ஓடவிட்டுவிட்டுக் கீழே குதித்தான். அவன் தலையில் மாட்டியிருந்த பெரிய ஸ்பான்ஜ் மாங்காய் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மொரப்பூர் கபடிப் போட்டிக்கு வந்த கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. அந்த மாங்காய்க்குள் இருக்கும் முகம் எதுவென்று மாவட்டத்தில் யாருக்கும் தெரியாது. “அதை ஊருக்குக் காட்டாம ஓயமாட்டேன்” என்று யூடியூபில் சபதம் போட்டுவிட்டு, அவன் போகிற ஊருக்கெல்லாம் துரத்தி வருகிறவள் வெண்மதி.

கமிட்டித் தலைவர் மாயவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். “மூஞ்சி தெரிஞ்சா எம் பொழப்பே போச்சுங்க” என்று மாங்கா மதியமே அவரிடம் சொல்லியிருந்தான். “அது என் பொறுப்பு தம்பி” என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

மைதானத்து ஓரம் கயிறு தடுக்கி மாங்கா குப்புற விழுந்தான். தலை பாதி கழன்றுவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்ட வெண்மதி, அந்த நேரம் பார்த்துச் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தாள். அதற்குள் அவன் தலையை இழுத்து மாட்டிக்கொண்டு எழுந்து ஓடினான்.

மாயவன் குறுக்கே பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்து அவளை மறித்தார். கபடி ஆடிய காலத்துப் பிடி.

“நகருங்க! அவன் யாருன்னு உங்களுக்குத் தெரிய வேணாமா?”

“வேணாம்மா. பாத்தா எவனோ மெடிக்கல் ஷாப்பு வெச்சிருக்கறவனா இருப்பான். மாங்காவாவே இருந்துட்டுப் போவட்டும்.”

வெண்மதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாங்காவின் வேன் கிளம்பும் சத்தம் கேட்டதும், “அடுத்த ஊர்ல பாத்துக்கறேன்!” என்று செல்போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று ரோட்டுப் பக்கம் போனாள். கூட்டம் விசிலடித்தது.

அப்போதுதான் மாயவனுக்கு நினைவு வந்தது. டிஜேவுக்குப் போடவேண்டிய சால்வை அவர் தோளிலேயே கிடந்தது. பைக்கை எடுத்துக்கொண்டு விரட்டினார். நல்லவேளை, ரயில்வே கேட் போட்டிருந்ததால் வேன் அங்கேயே நின்றிருந்தது.

ஜன்னல் திறந்திருந்தது. மாங்காய்த் தலை சீட்டின்மேல் தனியாகக் கிடந்தது. ஐயோ, முகத்தைப் பார்த்துவிடப்போகிறோம் என்று மாயவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சால்வையை உள்ளே நீட்டப்போனார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

“நாளைக்கு இண்டூர்லயாச்சும் கொஞ்சம் வெரசா ஓடுங்க மாமா, இன்னிக்கு நெசமாவே உங்களப் புடிச்சிருப்பேன்!”