ஜமீன் மேல் மூன்றாவது புகார்

மூக்கைப் பொத்தாமல், முகம் சுளிக்காமல், குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைச் சின்ன ஸ்பூனால் அள்ளிக்கொண்டிருந்தாள் இரண்டாம் மாடிப் பெண். அள்ளியதைச் சிவப்பு மூடி போட்ட டப்பாவில் போட்டுத் திருகினாள்.

"கையும் களவுமா மாட்டினீங்களா?" பின்னாலிருந்து குடியிருப்போர் சங்கச் செயலாளரின் குரல் வந்தது. "உங்க நாய் பண்ணலைன்னா நீங்க எதுக்கு விடிஞ்சும் விடியாம வந்து அள்றீங்க?"

ஒரு கையால் கைக்குட்டையை மூக்கில் அழுத்தியிருந்தார். இன்னொரு கையில் சாவிக்கொத்து. மொட்டை மாடி, மோட்டார் அறை, மீட்டர் பெட்டி, டெலிவரி ஆட்கள் அசுத்தம் செய்கிறார்கள் என்று போன மாதம் அவரே பூட்டிய கீழ்த்தளக் கழிப்பறை, எல்லாச் சாவியும் அதில்தான். அதைக் குலுக்காமல் அவருக்குப் பேச வராது.

மூன்று வாரமாக ஜெனரேட்டர் கொட்டகைக்குப் பின்னால், சரியாக அவருடைய கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தினமும் இந்த அசிங்கம். முந்தாநாள் பாலிஷ் போட்ட ஷூவோடு மிதித்து, தெரியாமல் காரில் ஏறி, ஏசியை வேறு போட்டுவிட்டார். ஆபீஸ் லிஃப்டில் எல்லாரும் அவரை விட்டு விலகி நின்றார்களாம். நாற்றத்தைவிட அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

பழி முழுக்க அவள் வளர்க்கும் ஜமீன் மேல் விழுந்தது. அந்த நாயின் யோக்கியதையும் அப்படி. வாக்கிங் போனால் வழியில் நிற்கிற டயரெல்லாம் தன் சொத்து என்று காலைத் தூக்கிக் கையெழுத்துப் போடும். நாலாம் மாடிக்கு வந்த விருந்தாளியின் முழங்காலைக் கட்டிக்கொண்டு அது செய்த காரியத்தை இங்கே எழுத முடியாது. போன வாரம் குப்பைத்தொட்டியிலிருந்து ஒரு குழந்தையின் டயப்பரைக் கவ்விக்கொண்டு தெருவெல்லாம் ஊர்வலம் போனது. "துப்புடா, துப்பித் தொலைடா" என்று அவள் பின்னாலேயே ஓடினாள்.

மூன்று புகார் வந்தால் நாய் வெளியே போக வேண்டும் என்பது சங்க விதி. முழங்கால் ஒன்று, டயப்பர் இரண்டு. இது மூன்றாவது. ஜமீனுக்குப் பதினோரு வயது, ஒரு கண்ணில் புரை. இனி அதை யார் வாங்கிக்கொள்வார்கள்? அவளுக்கும் வீட்டில் வேறு துணை கிடையாது.

"நான் கழுவி விட்டுடறேன் சார்" என்று இரவுக் காவலாளி வாளியோடு வந்தார். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை கேட்டை விட்டு நகரக் கூடாது என்று அவருக்கு உத்தரவு. ஜமீன் வாலை ஆட்டிக்கொண்டு போய் அவர் காலடியில் படுத்தது.

"நீ எதுக்குய்யா கழுவணும்? வளர்க்கிறவங்க கழுவட்டும். பத்து மணிக்கு மீட்டிங். இன்னையோட இந்த நாய் காலி."

"நானே கழுவறேன்ணே" என்றாள் அவள் காவலாளியிடம். கழுவி முடித்து, டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டாள். "பத்து மணிக்குள்ள வந்துடறேன். ஜமீனைக் கொஞ்சம் பாத்துக்குங்க."

பத்து மணிக்குக் கீழ்த்தளத்தில் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. காவலாளி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. ஜமீனைப் பிடித்தபடி தூண் ஓரமாக நின்றார்.

"நான் ஆஸ்பத்திரி லேப்ல வேலை பாக்கறேன்" என்று ஆரம்பித்தாள் அவள். "பதினாறு வருஷமா இதையெல்லாம் மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாக்கறதுதான் என் பொழப்பு. காலையில எடுத்ததையும் வச்சுப் பாத்துட்டேன்."

யாரோ உவ்வே என்றார்கள். முன்வரிசையில் இரண்டு நாற்காலிகள் பின்னால் நகர்ந்தன.

"அதுல மிளகாய் விதை இருந்துச்சு, தக்காளித் தோல் இருந்துச்சு. குப்பையில தின்னிருக்கும்னு சொல்வீங்க, சரி. ஆனா அதுல இருந்த பூச்சி முட்டை நாய் வயித்துல வராது சார். மனுஷங்க வயித்துல மட்டும்தான் வரும்."

புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாய் என்று நினைத்தபோது மூக்கை மூடியவர்கள் இப்போது வாயையும் சேர்த்து மூடிக்கொண்டார்கள். "கருமம், நாயாவே இருந்திருக்கலாம்" என்றார் மூன்றாம் மாடிக்காரர்.

"யாரையும் காட்டிக்கொடுக்க நான் வரலை" என்றாள் அவள். "அவரு ஒரு பூச்சி மாத்திரை போட்டுக்கிட்டா போதும். என் ஜமீனை விட்டுடுங்க."

செயலாளருக்கு உடம்பே கூசியது. "எந்த மானங்கெட்டவன்யா அது? ஆள் யாருன்னு தெரியற வரைக்கும் புகார் நாய் மேலதான் இருக்கும். சாயங்காலத்துக்குள்ள அதை வெளியேத்துங்க." சாவிக்கொத்து படபடவென்று குலுங்கியது.

அவள் ஜமீனைப் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

காவலாளி குனிந்து ஜமீனின் தலையைத் தடவிக்கொடுத்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சார்."

செயலாளர் எச்சிலைக் கூட்டித் துப்பப் போய், தன் கீழ்த்தளம் என்பது ஞாபகம் வந்து விழுங்கினார். "சீ, நீயா? இப்படிப் பண்ண உனக்கு வெக்கமா இல்லை?"

"நிறைய இருக்கு சார்" என்றார் காவலாளி. அவர் கண்கள் செயலாளரின் கையை விட்டு நகரவில்லை.

"டாய்லெட் சாவிதான் சார் இல்லை."