சீல் வைத்த பெட்டி

கத்தரிக்கோல் முனையை அரக்கு முத்திரைக்கு அடியில் கொடுத்து நெம்பினாள் ஐரீன். முத்திரை இரண்டாக உடைந்து தரையில் விழுந்தது.

“சீக்கிரம் முடிச்சிட்டுக் கெளம்புக்கா, பயமா கீது,” என்றாள், அட்டைகளில் துளையிடும் ஆபரேட்டர் சாபிரா. “கேட்ல வாட்ச்மேன் ஞானதுரை உன்னாண்ட கையெழுத்து வாங்கினு உள்ள வுட்டதே பெரிசு.”

திருவொற்றியூரின் அந்தத் தொழிற்சாலைக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அந்த அறையில் முதன்முதலாகச் சேர்ந்த பெண் ஐரீன். சம்பளப் புரோகிராமை மட்டும் வெளிக் கம்பெனி ஒன்று எழுதிக் கொடுத்திருந்தது.

தொடர்ந்து இரண்டு மாதம் வராதவர்களின் பெயரை அது தானாகவே நீக்கிவிடும். பிரசவ லீவு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. பிள்ளை பெற்றுத் திரும்பிய பெண்களை வாசலோடு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

அந்த லீவைச் சேர்த்துக்கொள்ள ஐரீன் ஒரு துணைப் புரோகிராம் எழுதியிருந்தாள். ஆனால் அது தனியாக ஓடாது. மூலப் புரோகிராம் துளையிடப்பட்டிருந்த அட்டைகளோடு சேர்த்துக் கொடுத்தால்தான் மெஷின் ஏற்கும். அந்த அட்டைகள் இந்தப் பெட்டிக்குள் இருந்தன.

இரண்டு கட்டுகளையும் ஒன்றாக்கி அவள் மெஷினில் வைத்தபோது கதவு திறந்தது. வெளிக் கம்பெனி அதிகாரி சங்கரநாராயணன்!

“யாரைக் கேட்டுப் பிரிச்சீங்க? இது எங்க சொத்து!”

“எத்தினி தபா கேட்டேன் சார்? நீங்களும் லீவைச் சேக்கல, அட்டையையும் தரல.”

“மரியாதையா வெளியே எடுங்க.”

“மாட்டேன். எடுத்தா இன்னும் நாலு பொம்பளைங்க வேலை போவும். அவங்க புள்ளைங்களுக்கு நீங்களா சார் பால் வாங்கித் தருவீங்க?”

சாபிரா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஐரீன் பொத்தானை அழுத்தினாள். அட்டைகள் சடசடவென்று உள்ளே ஓடின. சற்றைக்கெல்லாம் பிரிண்டர் இரைந்துகொண்டு பெயர்களைத் துப்பியது; லீவிலிருந்த பெண்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள்.

முகம் சிவக்க டெலிபோனை எடுத்தார் சங்கரநாராயணன். “உங்க மேனேஜர்கிட்ட இப்பவே பேசுறேன். சாயங்காலம் உங்களுக்கு இங்கே வேலை இருக்காது!”

“பேசுங்க சார்,” என்றாள் ஐரீன். “புள்ளை பெத்துகினு வந்த அன்னிக்கே உங்க புரோகிராம் என் பேரை அடிச்சிட்ச்சி!”