நரித்தோலுக்கு ஏற்ற ஆலை

உப்புத் தடவிய நரித்தோலும் முயல்தோலும் ஒரே கொடியில் தொங்கின. முடி உதிராமல் பதனிட்டுத் தரும் ஆலைகளிலிருந்து தினமும் வண்டிகள் வந்துபோயின. நரித்தோலுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொடியில் புரண்டுகொண்டே இருந்தது.

“அந்த ஆலையில தண்ணி சரியில்லையாம். இன்னொண்ணுல சீப்பு வச்சுப் பிறாண்டுவாங்களாம். அவசரப்படாதே தம்பி, இன்னும் நாலு இடம் விசாரிப்போம்!”

“மழை ஈரத்துல முடியெல்லாம் தளருதுண்ணே, நான் கிளம்புறேன்” என்று முயல்தோல் அன்றைக்கு வந்த வண்டியில் ஏறிவிட்டது.

சில வாரம் கழித்துப் பஞ்சுபோலத் திரும்பி வந்தது.

“எப்படி இருந்துச்சு? சொல்லு, சொல்லு!” என்று நரித்தோல் பறந்தது.

“தண்ணி மோசம். மரத்தூள்ல போட்டு உருட்டினாங்க. அப்புறம் அந்தச் சீப்பு! போன உயிர் திரும்பி வந்து இன்னொரு தடவை போச்சுண்ணே.”

“பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்ல?”

நரித்தோல் பெருமையாக வாலை ஒரு சுழற்றுச் சுழற்றியது. முடியெல்லாம் கொத்தாகத் தரையில் விழுந்தது.