முழு நிமிடம்

நாடியை எண்ணி முடித்துவிட்டாள். மணிக்கட்டை மட்டும் விடவில்லை.

பார்வையை மெல்ல நோயாளியின் நெஞ்சுக்கு நகர்த்தினாள்.

மூச்சை எண்ணுவது நோயாளிக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நர்சிங் பள்ளியில் முதல் வருடம், முதல் மாதப் பாடம்.

இந்த நோயாளிக்குத் தெரிந்திருந்தது. பாடம் நடத்தியவரே அவர்தான்.

தமயந்தி மேடம். முதல் வருடத்து டியூட்டர். மூன்று நாளாகக் காய்ச்சல், நெஞ்சில் சளி. பெண்கள் வார்டு, நாலாவது கட்டில்.

கட்டிலின் கால்மாட்டில் சார்ட் தொங்கியது. மூச்சு: காலையில் இருபது. மாலையில் இருபது. மறுநாளும் இருபது. எழுதியவர்கள் வேறு வேறு மாணவிகள். எண் மட்டும் மாறவே இல்லை.

ஒருத்தியும் எண்ணியிருக்க மாட்டாள். எண்ண வேண்டாம் என்பதும் மேடம் சொல்லித் தந்ததுதான்.

"நாப்பது பெட்டுக்கும் நிமிஷக் கணக்கா நின்னா வேலை எப்ப முடியும்? இருபதுன்னு போட்டுட்டு நகரு."

எல்லோரும் நகர்ந்தார்கள். அவள்தான் நகரத் தெரியாதவள்.

ஆகஸ்டில், ஆண்கள் வார்டில், பதினோராவது கட்டிலில் செல்லையா என்ற கிழவர். அவள் முழு நிமிடம் நின்று எண்ணி முப்பத்தாறு என்று எழுதினாள். மேடம் வந்து பார்த்தார். வார்டு முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். பெரிய டாக்டரம்மா வந்துட்டா என்றார். முப்பத்தாறை அடிக்க வைத்து, அதன் மேலே அவள் கையாலேயே இருபது என்று எழுத வைத்தார்.

எழுதினாள்.

அதைத்தான் இன்றுவரை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

மறுநாள் காலை பதினோராவது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

விசாரணையில் மேடம் பேசியது ஒரே வரி. முதல் வருடப் பிள்ளை, எண்ணத் தெரியவில்லை.

விளக்கேற்றும் விழாவில் மற்ற எல்லோரும் வெள்ளைத் தொப்பி அணிந்து, விளக்கை ஏந்தி உறுதிமொழி சொன்னார்கள். அவளுக்குத் தொப்பி இல்லை. நாற்காலி துடைக்கிற வேலை கொடுத்திருந்தார்கள். விஷயம் தெரியாமல் அப்பா புதுச்சட்டையோடு வந்திருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் ஒவ்வொரு முகமாக மகளைத் தேடிக்கொண்டிருந்தார்.

தூணுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தாள். அன்றைக்கு அழவில்லை. வஞ்சம் வைத்தாள்.

நொடிமுள் ஒரு சுற்றை முடித்தது.

முப்பத்தெட்டு.

கையை விட்டாள். பையிலிருந்த குறிப்பேட்டில் எதையோ எழுதி, தாளைக் கிழித்து, அடுத்த கட்டிலருகே நின்ற வகுப்புத் தோழி மெர்லினிடம் கொடுத்தாள். மெர்லின் படித்துப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே போனாள்.

தாளைக் கொடுத்தவள் திரும்பி வந்து மேடத்தின் முன்னால் நின்றாள். அவசரப்படவில்லை.

"எவ்வளவு?" மேடம் கேட்டார். அந்த ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கியது.

"இருபது, மேடம்."

மேடம் அவளையே பார்த்தார். இருபத்தாறு வருடம் வார்டில் நின்றவர். தன் மூச்சு இருபதில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். இருபது என்று எழுதிவிட்டால் யாரும் வர மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அந்தக் கண்களில் பயம் மெல்ல ஏறுவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெயிலில் நடந்து வந்தவளுக்கு மோர் கிடைத்தது போல இருந்தது. இப்படி இருக்கிறதே என்று அவள் வெட்கப்படவும் இல்லை.

"இல்ல... எண்ணு. முழு நிமிஷம்..."

"நாப்பது பெட்டு இருக்கு, மேடம்."

மேடத்தின் கை விரிப்பின் மேல் ஊர்ந்து வந்து அவள் சீருடையின் ஓரத்தைப் பற்றிக்கொண்டது. அவள் தட்டிவிடவில்லை. குனியவும் இல்லை.

வராந்தாவில் சக்கரச் சத்தம் கேட்டது. ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு மெர்லின் வந்தாள். பின்னாலேயே வார்டு சிஸ்டரும் டாக்டரும். டாக்டர் கையில் அந்தத் தாள்.

மாஸ்க்கைப் பொருத்தினார்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவிட்டுச் சார்ட்டைப் புரட்டினார்.

"மூணு நாளா இருபதுன்னுல்ல இருக்கு. முப்பத்தெட்டுன்னு எண்ணினது யாரு?"

"நான்தான், சார்."

"ஃபர்ஸ்ட் இயரா? முழு நிமிஷம் நின்னு எண்ணணும்னு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"பதினோராம் பெட்டு, சார்."

டாக்டருக்குப் புரியவில்லை. மாஸ்க்குக்கு மேலே இருந்த இரண்டு கண்களுக்குப் புரிந்தது. மேடம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

இனி மணிக்கு ஒரு தடவை மூச்சை எண்ணிக் குறிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் போனார். யாரை நிறுத்தலாம் என்று சிஸ்டர் சுற்றிலும் பார்த்தாள்.

அவள் ஏற்கெனவே ஸ்டூலை இழுத்துப் போட்டிருந்தாள். சுவர்ப்பக்கமாக.

உட்கார்ந்தாள். மேடத்தின் மணிக்கட்டைத் தொடவில்லை. நாடி பார்ப்பதாக நடிக்கவில்லை. கடிகாரத்தைத் திருப்பி, மேடத்துக்கும் தெரிகிற மாதிரி பிடித்தாள்.

பிறகு வாய்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"ஒண்ணு."