களிமண் கேட்டது

தமயந்தி மத்திய அமெரிக்காவின் பழைய மாயா மொழி படித்தவள். தரமணியில் ஓர் ஆய்வகத்தில், பழங்காலக் குரல்களைக் கேட்டு எழுதும் வேலை. குவாத்தமாலாவிலிருந்து மாயா மக்களின் மண்குவளைகள் வரும். இது இன்னார் கொக்கோ குடிக்கும் குவளை என்று விளிம்பில் சித்திர எழுத்தில் தீட்டியிருக்கும். மண் ஈரமாக இருந்தபோது பக்கத்தில் யார் பேசியிருந்தாலும், ஆயிரத்து இருநூறு வருடம் கழித்தும் ஆய்வகத்தின் கருவி அந்தப் பேச்சை மண்ணிலிருந்து மீட்டுத் தந்துவிடும்.

மகள் நிலானி காய்ச்சலில் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் பிசைந்து செய்த களிமண் ஆமையைத் தமயந்தி ஒருநாள் கொண்டுவந்து கருவியில் வைத்தாள்.

"வேணாம்க்கா, தாங்க மாட்டீங்க," என்றான் கூட வேலை பார்க்கும் யூசுப்.

"போன்ல இருக்கறதெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆயிடுச்சு தம்பி. அவ புதுசா ஒரு வார்த்தை பேசிக் கேக்கணும்."

விரல்கள் மண்ணை அழுத்தும் சத்தம் முதலில் வந்தது. பிறகு நிலானியின் குரல்.

"அம்மா, ஆமைக்கு வால் வெச்சிட்டேன். இங்க பாரேன்."

கொஞ்ச நேரம் கழித்து, "பாரேன்மா."

"இருடி, கேட்டுட்டிருக்கேன்ல." அது தமயந்தியின் குரல்.

அவளுக்கு நினைவு வந்தது. அன்று வீட்டில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒரு மாயாத் தாய் தன் பிள்ளையோடு பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நிலானி பேசவில்லை. மண்ணை அழுத்தும் சத்தம் மட்டும் கடைசிவரை வந்தது.

"பாத்துட்டேன்டி கண்ணு. வால் நல்லாருக்கு," என்று தமயந்தி ஆமையிடம் குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தாள்.